முன்கதைப் படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாமா? போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பிள்ளைகளுக்கென்று ஒரு பழைய கதை இருக்கும். அந்தக் கதை தொடங்குவதற்கு முன்னால் என்னென்ன நடந்தது, அதில் வருகிற பொல்லாதவள் எப்படிப் பொல்லாதவள் ஆனாள் என்று பல வருஷம் கழித்து வேறு யாரோ எழுதுவார்கள், இல்லையென்றால் படமாக எடுப்பார்கள். அதுதான் முன்கதை. திருநெல்வேலிப் பக்கத்து ஆளுக்கு இது புதுச் சரக்கே இல்லை. கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் தந்தனத்தோம் என்று எடுத்து விடியவிடியப் பாடுவதெல்லாம் முன்கதைதானே. பீடத்தில் நிற்கிற சுடலைமாடன் எந்த விளக்குச் சுடரில் பிறந்தான், கயிலாயத்தில் இருந்தவனை எதற்குக் கீழே அனுப்பினார்கள், ஒரு பிள்ளையை இடுப்பிலும் இன்னொரு பிள்ளையைப் பல்லிலும் வைத்துக்கொண்டு நிற்கிற இசக்கி அதற்கு முன்னால் யார், அவளை எவன் என்ன செய்தான் என்று எல்லாம் வரும். பாயை விரித்துப் போட்டு, பாதி தூக்கத்தில் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம்மிடம் வந்து பச்சை மூஞ்சிச் சூனியக்காரி படத்தைப் பிள்ளைக்குக் காட்டலாமா என்று ஒருத்தர் கேட்டால் முதலில் சிரிப்புதான் வரும்.

ஆனால் கேள்வி நியாயமானது. கொடையில் பிள்ளை ஆச்சி மடியில் இருக்கிறது, சுற்றிலும் சொந்தக்காரக் கூட்டம், பயந்தால் பந்தலுக்கு வெளியே வளையல் கடை, கடைசியில் திருநீறும் பொங்கலும். வீட்டு டிவியில் அதே மாதிரிக் கதை ஓடும்போது இதில் ஒன்றுமே கிடையாது, நாம் அடுப்படியில் நிற்போம். மடியும் கூட்டமும் திருநீறும் செய்த வேலையை இங்கே நாம்தான் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று, இரண்டு மூன்று தடவை சொதப்பிவிட்டுக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். எனக்கு ஆறு வயதில் ஒரு மகள், அக்கா மகன் ஒன்பது வயது, இரண்டும் சனிக்கிழமை ஆனால் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில்தான்.

உதாரணத்துக்கு ஒரே படத்தை நெடுக வைத்துக்கொள்கிறேன்: 2013-இல் வந்த ‘ஓஸ் தி கிரேட் அண்ட் பவர்ஃபுல்’, ஓஸ் என்ற மாயதேசத்துக் கதைக்கு முன்கதை. பார்க்காதவர்களுக்குப் பாதிக் கதை தெரிந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: மூலக்கதை பிள்ளைக்குத் தெரியுமா?

இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ஓஸ் கதையை எல். ஃபிராங்க் பாம் எழுதி 1900-இல் புத்தகமாக வந்தது. அமெரிக்காவில் கான்சஸ் என்ற இடத்துச் சிறுமி டாரத்தி சூறாவளியில் வீட்டோடு தூக்கிப் போடப்பட்டு ஓஸ் என்ற மாயதேசத்தில் விழுவாள். வைக்கோல் பொம்மை, தகர மனிதன், பயந்தாங்கொள்ளிச் சிங்கம் மூன்றையும் கூட்டிக்கொண்டு பெரிய மந்திரவாதியைத் தேடிப் போவாள், போனால் அந்த ஆள் மந்திரமே தெரியாத சாதாரண மனுஷன். 1939-இல் அது படமாக வந்தது. கதையில் வருகிற பொல்லாத சூனியக்காரிக்குப் பச்சை நிறம் அந்தப் படம் பூசியதுதான். அமெரிக்காவில் அந்தப் படத்தைப் பல வருஷம் வருஷத்துக்கு ஒரு தடவை டிவியில் போட்டிருக்கிறார்கள், நம் வீட்டில் தீபாவளிக்குச் சிறப்புத் திரைப்படம் பார்ப்பது மாதிரி. ஆக, அங்கே ஒரு பிள்ளை முன்கதைக்கு உட்காரும்போதே பின்னால் வரப்போவது முழுவதும் அதற்குத் தெரியும். டாரத்தி வருவாள், வாளித் தண்ணீரை ஊற்றுவாள், சூனியக்காரி கரைந்து போவாள், எல்லாம் சரியாகிவிடும்.

நம் பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. அது பார்ப்பது இதுதான்: நல்ல மாதிரியான ஒரு அக்கா வருகிறாள், ஒருவன் அவளை ஏமாற்றுகிறான், அவள் அழுகிறாள், ஒரு ஆப்பிளைக் கடிக்கிறாள், கோரமாக மாறுகிறாள், கடைசி வரைக்கும் குணமாகவே இல்லை, துடைப்பத்தில் ஏறிப் பறந்து போய்விடுகிறாள், படம் முடிந்தது. அங்கே ஒரு பிள்ளைக்கு இது “ஓ, அவள்தானா இவள்!” என்கிற குஷி. இங்கே ஒரு பிள்ளைக்கு இது முடியாத சோகம். ஒரே படம்தான்.

அதனால் படத்துக்கு முந்தின நாள் ராத்திரி மூலக்கதையைப் பத்து நிமிஷத்தில் வாயால் சொல்லிவிடுங்கள். புத்தகம் தேடி அலைய வேண்டாம், அழகாகச் சொல்லத் தெரியவில்லையே என்றும் யோசிக்க வேண்டாம். மேலே நான் எழுதின நாலு வரியை இழுத்துச் சொன்னால் போதும். முடிவைக் கட்டாயம் சொல்லுங்கள். முடிவு தெரிந்தால் ருசி போய்விடும் என்பதெல்லாம் பெரியவர்கள் கவலை, ஆறு வயதுப் பிள்ளைக்கு முடிவு தெரிந்த கதைதான் பிடிமானம்.

முன்கதையை முதலில் பார்ப்பதா, மூலத்தை முதலில் பார்ப்பதா என்று இன்னொரு கேள்வி வரும். நார்னியா புத்தகங்களில் இந்தச் சண்டை ரொம்ப நாளாக இருக்கிறது. அலமாரிக்குள் புகுந்து மாயதேசம் போகிற கதை 1950-இல் வந்தது, அந்தத் தேசம் பிறந்த கதையான ‘தி மஜீஷியன்ஸ் நெஃப்யூ’ ஐந்து வருஷம் கழித்து 1955-இல்தான் வந்தது. ஆனால் இப்போது கடையில் கிடைக்கிற பதிப்புகளில் முன்கதைக்குத்தான் முதல் எண் போட்டிருக்கும், எண்ணைப் பார்த்து வாங்கினால் அதுதான் முதலில் கையில் வரும். என் கட்சி, எழுதப்பட்ட வரிசை. எழுதினவர் மனதில் ‘இவர்களுக்கு ஏற்கனவே தெரியும்’ என்கிற எண்ணத்தோடு எழுதினதைத் தெரியாத பிள்ளை கையில் கொடுப்பது, பந்தியில் ரசத்தை முதலில் ஊற்றுவது மாதிரி. தப்பில்லை, ஆனால் ஒரு மாதிரி இருக்கும்.

சான்றிதழில் எழுத்தைப் பார்க்காதீர்கள், காரணத்தைப் பாருங்கள்

தியேட்டரில் படம் தொடங்கும்போது வருகிற தணிக்கைச் சான்றிதழை யாரும் படிப்பதில்லை, பாப்கார்ன் கொட்டாமல் இடம் தேடி உட்காருகிற நேரம் அது. யு என்றால் எல்லாரும் பார்க்கலாம், ஏ என்றால் 18 வயதுக்குக் கீழே கிடையாது, இது எல்லாருக்கும் தெரியும். நடுவில் இருக்கிற யு/ஏ-தான் குழப்பம். முன்பெல்லாம் ஒரே யு/ஏ. 2023-இல் சட்டத்தைத் திருத்தி அதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். இந்த வயது பெற்றோருக்குச் சொல்கிற யோசனைதான், வாசலில் நின்று தடுக்கிற விதி இல்லை. ஆக 13 என்று போட்ட படத்துக்கு ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் நிறுத்த மாட்டார்கள், முடிவு உங்கள் தலையில்தான்.

ஓடிடியில் 2021-லிருந்தே இந்த வயதுப் பிரிவு உண்டு. படம் தொடங்கும்போது திரை ஓரத்தில் வயதும் பக்கத்தில் இரண்டு மூன்று சொல்லும் வந்து மறையும். வன்முறை, பயமுறுத்தும் காட்சி, கெட்ட வார்த்தை என்று இருக்கும் அந்தச் சொற்கள்தான் முக்கியம், எண் இல்லை. 13 வயது என்று போட்டவற்றுக்கும் அதற்கு மேலே உள்ளவற்றுக்கும் பூட்டுப் போடும் வசதி இருந்தாக வேண்டும் என்பதும் அதே விதிதான். செட்டிங்கில் தேடிப் பின் நம்பர் போட்டு வையுங்கள், உங்கள் பிறந்த வருஷத்தைப் போடாதீர்கள், பிள்ளைகள் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடும்.

வெளிநாட்டுப் படம் என்றால் அந்த ஊர்ச் சான்றிதழையும் ஒரு கண் பாருங்கள். அமெரிக்காவில் நம் ஓஸ் படத்துக்குப் பிஜி, அதாவது பெற்றோர் கூட இருந்தால் நல்லது. காரணமாக அவர்கள் போட்டது சண்டைக் காட்சிகள், பயமுறுத்தும் உருவங்கள், கொஞ்சம் லேசான கெட்ட பேச்சு. பிரிட்டிஷ் தணிக்கை வாரியத்தின் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் என்ன வருகிறது என்று ஒரு பத்தியே எழுதி வைத்திருப்பார்கள், இலவசம், எனக்கு ரொம்பப் பயன்படுகிறது. காமன் சென்ஸ் மீடியா என்று ஒரு தளம் இருக்கிறது, அதில் பெற்றோரும் பிள்ளைகளும்கூட வயது சொல்லி எழுதுவார்கள். அவர்கள் முத்தத்துக்குக் கவலைப்படாத இடத்தில் நாம் ரிமோட்டைத் தேடுவோம், நாம் கவலைப்படாத இடத்தில் அவர்கள் ஒரு பத்தி எழுதியிருப்பார்கள். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அதே ஓஸ் தேசத்துச் சூனியக்காரியின் இளமைக்கதை ‘விக்கெட்’. 2024-இல் வந்த பாட்டுப் படத்துக்கு அமெரிக்காவில் பிஜி. அந்தப் படம் 2003-இல் மேடையேறிய இசை நாடகத்திலிருந்து வந்தது, அந்த நாடகம் 1995-இல் வந்த ஒரு நாவலிலிருந்து. அந்த நாவல் பெரியவர்களுக்கு எழுதப்பட்டது, காமமும் அரசியலும் கொலையும் நிறைய. படம் பிடித்துவிட்டதே என்று பிள்ளையின் பிறந்தநாளுக்குப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பேர் ஒன்று என்பதற்காகச் சரக்கும் ஒன்று ஆகிவிடாது.

யார் எடுத்தார்கள், எவ்வளவு நேரம்

சின்ன வேலைதான், இரண்டு நிமிஷம். இயக்குநர் பேரைத் தேடி அவர் முன்னால் என்ன எடுத்திருக்கிறார் என்று பாருங்கள். நம் ஓஸ் படத்தை எடுத்தவர் சாம் ரெய்மி. ஸ்பைடர்மேன் எடுத்தவர் என்றால் சரி, ஆனால் அதற்கு முன்னால் ‘ஈவில் டெட்’ எடுத்தவர். பேய்ப்படத்துக் கை சும்மா இருக்குமா, கல்லறைத் தோட்டத்து மூடுபனியில் அது எட்டிப் பார்க்கிறது.

நீளம் 130 நிமிஷம். அதிலும் முதல் இருபது நிமிஷம் கறுப்பு வெள்ளை, படம் திரை நடுவில் சதுரமாகக் குறுகித் தெரியும், மாயதேசத்தில் போய் விழுந்த பிறகுதான் வண்ணமும் அகலமும். பழைய படத்துக்கு மரியாதை செய்கிறார்களாம், பெரியவர்கள் ரசிப்பார்கள். என் மகள் “அம்மா, டிவி கெட்டுப்போச்சு” என்று எழுந்து போய்விட்டாள். இது ஒரு நல்ல தடயம்: படம் பிள்ளைகளுக்காக எடுத்ததா, பிள்ளையாக இருந்தபோது மூலத்தைப் பார்த்து இப்போது சம்பாதிக்கிற ஆட்களுக்காக எடுத்ததா? முன்கதைகளில் பாதி இரண்டாவது வகை.

நீங்கள் முதலில் பாருங்கள், ஆனால் முழுவதும் வேண்டாம்

யாருக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது? மூன்று இடம் போதும். தொடக்கம் இருபது நிமிஷம், ஏனென்றால் கதாநாயகன் எப்படிப்பட்ட ஆள் என்று அங்கே தெரிந்துவிடும். நடுவில், பொல்லாதவர் பொல்லாதவராக மாறுகிற காட்சி. முன்கதை என்றாலே அப்படி ஒன்று இருந்தே தீரும், விரலால் இழுத்துக்கொண்டே போனால் நிறம் இருண்டு முகம் கோணுகிற இடத்தில் பிடித்துவிடலாம். கடைசி இருபது நிமிஷம், யார் சாகிறார்கள், எப்படிச் சாகிறார்கள்.

நடுக்காட்சியை இரண்டு தடவை பாருங்கள், ஒருமுறை சத்தம் வைத்து, ஒருமுறை சத்தமில்லாமல். சத்தத்தை எடுத்தால் சாதாரணமாகத் தெரிகிறதா? அப்படியென்றால் பயம் இசையில்தான் இருக்கிறது, வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சத்தமில்லாமலும் வயிற்றைப் பிசைகிறதா? அப்போது பயம் கதையில் இருக்கிறது, ரிமோட்டால் ஆகாது.

ட்ரெய்லரை நம்ப வேண்டாம். சிரிப்புக் காட்சி எல்லாவற்றையும் அதிலேயே காட்டி முடித்திருப்பார்கள்.

உங்கள் பிள்ளைக்கு எதைக் கண்டால் பயம்?

இதற்கு டிவியே வேண்டாம். குலசை தசராவுக்கு வேஷம் கட்டி ஊர் ஊராக வருகிறார்களே, காளி, குறவன், குரங்கு, எமன் என்று, அப்போது உங்கள் பிள்ளை என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். என் மகள் நாலு வயதில் வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸுக்குள் ஏறிய காளி வேஷத்தைப் பார்த்துவிட்டு என் முந்தானைக்குள் புகுந்தவள் ஜங்ஷன் வரைக்கும் வெளியே வரவில்லை. அக்கா மகன் அதே வயதில் காளியின் நாக்கு எதில் செய்தது என்று கேட்டான். இரண்டும் இரண்டு ரகம், ஒரே படம் இரண்டுக்கும் ஒத்து வராது.

ஜோஆன் கேன்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பிள்ளைகள் படம் பார்த்துப் பயப்படுவதை வருஷக்கணக்காக ஆராய்ந்தவர். பள்ளிக்கூடம் போகாத வயதில் தோற்றம்தான் பயமுறுத்துகிறது, ஏழு எட்டு வயதுக்கு மேல் ‘நமக்கும் இது நடக்குமோ’ என்பதுதான் பயமுறுத்துகிறது என்பது அவர் கண்டதில் முக்கியமானது. ஹல்க் கதையை டிவியில் பார்த்த சின்னப் பிள்ளைகள், நல்ல மனுஷன் பச்சையாக வீங்கி மாறுகிற காட்சிக்குத்தான் மிரண்டார்களாம். அவன் நல்லது செய்யத்தான் மாறுகிறான் என்பது அவர்களுக்கு ஏறவே இல்லை. இதைப் படித்தபோது ஓஸ் படத்து ஆப்பிள் காட்சி நேரே கண்ணில் வந்தது. அழகான முகம் பச்சையாக மாறுவது ஐந்து வயதுக்கு ஆகாது, பறக்கிற பபூன் குரங்குக் கூட்டம் பாய்வதும் ஆகாது. அதே காட்சியை ஒன்பது வயதுப் பையன் ‘கிராஃபிக்ஸ் சூப்பர்’ என்று பார்ப்பான்.

பெரிய பிள்ளைக்குப் பயம் எங்கிருந்து வரும் என்று நான் பாடம் படித்தது வேறு படத்தில். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் நம் பக்கம் என்ன மழை என்று சொல்ல வேண்டியதில்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். அக்கா வீடு அப்போது சிந்துபூந்துறையில். தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது, பையன் மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி. சரியாக ஒரு வருஷம் கழித்து 2024 டிசம்பரில் ‘முஃபாசா’ வந்தது, சிங்க ராஜா கதைக்கு முன்கதை, தமிழ் டப்பிங் வேறு, அர்ஜுன் தாஸ் குரல், கிளம்பு என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனேன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குட்டிச் சிங்கத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது, அப்பா அம்மா கரையில். பக்கத்தில் பையன் மூச்சு விடுகிற சத்தம் மாறினதை நான் கேட்டேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. “சித்தி, வெளிய போலாம்” என்றான். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், “அந்தச் சிங்கத்துக்கு மாடி இல்லல்லா” என்றான்.

எந்தச் சான்றிதழ் இதைச் சொல்லும்? ஆபத்தான காட்சி என்று பொதுவாக எழுதியிருப்பார்கள், நம் வீட்டுப் பையனுக்கு ஆற்றைக் கண்டால் ஆகாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். அதனால் வீட்டில் சமீபத்தில் நடந்ததை மனதில் வைத்துக்கொண்டு கதைச்சுருக்கத்தைப் படியுங்கள்: சாவு, ஆஸ்பத்திரி, வெள்ளம், அப்பா வெளிநாடு போனது, தாத்தா இறந்தது. மேலே சொன்ன நார்னியா முன்கதையில் பையனின் அம்மா படுத்த படுக்கையாக இருப்பார், அவரைக் காப்பாற்ற மருந்து கிடைக்குமா என்பதே கதையின் உயிர். சிங்கம், சூனியக்காரி என்று அட்டையில் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டில் யாராவது சிகிச்சையில் இருக்கும்போது அதைப் பிள்ளையிடம் கொடுத்தால்? சில பிள்ளைகளுக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கும். ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும்.

முன்கதைக்கே உரிய சிக்கல்

மூலக்கதைகளில் நல்லவர் நல்லவர், கெட்டவர் கெட்டவர். பிள்ளைகளுக்கு அது தெளிவு. முன்கதையின் வேலையே அதைக் கலைப்பதுதான். ஓஸ் படத்தில் மந்திரவாதி ஆகப்போகிற ஆஸ்கர் திருவிழாவில் வித்தை காட்டுகிற ஏமாற்றுக்காரன், பணத்தாசை பிடித்தவன். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் என் பாட்டி கொடுத்தது என்று சொல்லி ஒரே மாதிரி இசைப்பெட்டியைக் கொடுப்பான். தியோடோரா என்ற வெள்ளந்தியான பெண் அதை நம்பிவிடுகிறாள். அவளுடைய அக்கா அதைப் பயன்படுத்தி, மனவலி போகும் என்று ஒரு பச்சை ஆப்பிளைக் கொடுக்கிறாள். மீதி தெரியுமே.

எனக்கு இந்தப் படத்தில் பிடிக்காதது இதுதான், குரங்குகள் இல்லை. ஏமாற்றினவன் கடைசியில் ராஜா மாதிரி உட்காருகிறான், ஏமாந்தவள் காலத்துக்கும் சூனியக்காரி. கடைசியில் அவன், இது உன் குற்றமில்லை, நீ திரும்பி வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்கிறான், அவள் மாட்டேன் என்று பறந்துவிடுகிறாள், அவ்வளவுதான் கணக்குத் தீர்ந்தது. இசக்கி கதையில் ஏமாற்றினவனை அவள் சும்மா விடுவதில்லை, ஊரும் அவளுக்குப் பீடம் போட்டுப் பொங்கல் வைக்கிறது. எங்கள் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு ஒரு கோயில் கட்டலியா இவனுவ?” என்று கேட்டார். இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

இதற்காகப் படத்தையே ஒதுக்க வேண்டுமா? நான் ஒதுக்க மாட்டேன். ஒன்பது பத்து வயதில், பெண்பிள்ளையோ ஆண்பிள்ளையோ, ‘அவள் ஏன் அப்படி ஆனாள், யார் தப்பு?’ என்று கேட்க ஒரு வாய்ப்பு. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள், பதிலை நீங்களே சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆறு வயதுக்குக் கீழே அந்தக் கேள்வி ஏறாது, அழுகிற முகமும் பச்சை முகமும் மட்டும்தான் நிற்கும்.

படத்தில் நல்லது நிறைய இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வித்தை மேடைக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி, என்னை நடக்க வை என்று கேட்பாள். அவனால் முடியாது, கூட்டம் கூச்சல் போடும், அவன் குறுகிப் போவான். பிறகு மாயதேசத்தில், இடிந்த பீங்கான் ஊரில் கால் உடைந்த பீங்கான் பொம்மைச் சிறுமியைப் பார்க்கிறான், பையிலிருந்து பசையை எடுத்து ஒட்டிவிடுகிறான், அவள் எழுந்து நிற்கிறாள். மந்திரம் இல்லை, வெறும் பசை. என் மகள் பபூன்களைப் பார்த்து அழவில்லை, அந்த உடைந்த காலைப் பார்த்துத்தான் அழுதாள், அப்புறம் அவள் நின்றதைப் பார்த்துக் கைதட்டினாள். இன்னொன்று, ஓஸ் மக்கள் யாரையும் கொல்லக் கூடாது என்பது கதையிலேயே விதி. கடைசிச் சண்டையைப் புகை, வெளிச்சம், வாணவேடிக்கை, திரையில் முகம் காட்டுகிற கருவி என்று தந்திரத்தால் முடிக்கிறார்கள். வெட்டுக்குத்துப் பார்த்துப் பழகின நமக்கு அது கொஞ்சம் சப்பென்று இருக்கலாம், பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம்.

ஆக என் கணக்கு: எட்டு வயதுக்கு மேல் தாராளமாக, ஆறு ஏழுக்கு மடியில் வைத்து, அதற்குக் கீழே வேண்டாம். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், ஆனால் ஒரு கணக்கு இருக்கட்டும்.

பார்க்கிற அன்று

தியேட்டர் என்றால் காலைக் காட்சி. தூக்கக் கலக்கம் இருக்காது, வெளியே வந்தால் வெயில் இருக்கும், பயந்த பிள்ளைக்கு வெளிச்சத்துக்குள் வருவது பெரிய விஷயம். இரவுக்காட்சி பார்த்துவிட்டு நேரே படுக்கைக்குக் கொண்டுபோனால் ராத்திரி உங்களுக்குத்தான் சிவராத்திரி. நடைபாதை ஓரத்து இருக்கை கேளுங்கள், யார் காலையும் மிதிக்காமல் வெளியே வரலாம். இடைவேளை நமக்குக் கிடைத்த வரம், வெளிநாட்டுத் தியேட்டர்களில் பெரும்பாலும் கிடையாது. அதை முடிவெடுக்கிற இடமாக வைத்துக்கொள்ளுங்கள்: முகத்தைப் பாருங்கள், கை குளிர்ந்திருக்கிறதா தொட்டுப் பாருங்கள், சரியில்லை என்றால் சமோசாவை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். டிக்கெட் காசு போனது போனதுதான், அதற்காக மீதி ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் அது இன்னொரு நஷ்டம்.

வீடு என்றால் விளக்கை அணைக்க வேண்டாம். தமிழ் டப்பிங் இருந்தால் அதையே போடுங்கள், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கும்கூட. பயம் வரும் நேரத்தில் வசனம் புரியாமல் போனால் படம் மட்டும்தான் மிஞ்சும், படம்தான் பயமுறுத்துவது. ஆச்சி தாத்தா இருந்தால் கூட உட்கார வையுங்கள், அவர்கள் நடுவில் பேசுவது நமக்கு எரிச்சல், பிள்ளைக்கு அது வில்லுப்பாட்டில் ஆமாம் போடுகிறவர் மாதிரி, கதையைத் தரையில் பிடித்து வைக்கும்.

பார்த்த பிறகு

சின்னப் பிள்ளை பயந்துவிட்டால், அதெல்லாம் நிஜமில்லை என்று விளக்காதீர்கள். அந்த வயதுக்கு விளக்கம் வேலை செய்யாது, தண்ணீர் கொடுப்பது, மடியில் வைப்பது, போர்வையைக் கையில் கொடுப்பதுதான் வேலை செய்யும் என்பது கேன்டர் சொன்னதும்தான், நம் ஆச்சிகள் சொன்னதும்தான். பெரிய பிள்ளைக்கு நேர்மாறு, விளக்கம் வேண்டும்: பச்சை நிறத்தை எப்படிப் பூசினார்கள், குரங்கைக் கம்ப்யூட்டரில் எப்படிச் செய்தார்கள் என்று எடுத்த விதத்தைக் காட்டுகிற வீடியோவைத் தேடிப் போட்டால் பயம் பாதியாகிவிடும்.

இரண்டு நாள் கழித்து அதே படத்தை மறுபடி கேட்டால் மிரள வேண்டாம். பயந்ததைத் திரும்பப் பார்த்து ஜெயிக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். என் மகள் அடுத்த சனிக்கிழமையே கேட்டாள். ரிமோட்டை அவள் கையிலேயே கொடுத்தேன். ஆப்பிளைக் கடிக்கப் போகிற இடத்தில் நிறுத்தினாள், அடுப்படிக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள், பானை மூடியைச் சரியாக மூடிவிட்டுப் போனாள், சத்தத்தை முழுக்கக் குறைத்தாள், அப்புறம் ஓடவிட்டாள்.